மொழி பயிலச் சென்ற சிறார்

அயல்நாடு சென்று பயிலும் மாணவரைக் காணுங்கால், இது நம் காலத்துப் புதுமை என எண்ணுகிறோம். வரலாறோ வேறு கூறுகிறது.

துருக்கியரின் ஒட்டோமான் பேரரசில் வணிகம் செய்த பிரெஞ்சுக்காரர், உள்ளூர் மொழிபெயர்ப்பாளரையே பெரிதும் நம்பியிருந்தனர். அவர்களோ சுல்தானின் குடிகள்; ஆகவே ஐயமும் உடன் இருந்தது. வெனிஸ் குடியரசு 1551-லேயே தன் இளைஞரைக் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு அனுப்பி இக்குறை தீர்க்க முற்பட்டது. 1669-இல் பிரான்சும் அவ்வழி சென்றது. அமைச்சர் கோல்பேரின் காலத்து ஆணையொன்று, ஒன்பது பத்து வயதுச் சிறுவர் அறுவரை மூன்றாண்டுக்கு ஒருமுறை கான்ஸ்டாண்டிநோபிள், ஸ்மிர்னா நகரங்களின் கப்புச்சின் சபை மடங்களுக்கு அனுப்பப் பணித்தது. அங்கே மறைக்கல்வியும் கீழை மொழிகளும் கற்பிக்கப்பட்டன.

ஒன்பது வயதில் தாயைப் பிரிதல் எளிதோ? அரசின் கணக்கில் அந்த ஏக்கத்திற்கு இடமில்லை. 1721-இல் முறை மாறியது. பிள்ளைகள் முதலில் பாரிசில், இயேசு சபையாரின் லூயி-லெ-கிராண் கல்லூரியில் பயின்று, வளர்ந்த பின்னரே கீழ்த்திசை சென்றனர்.

அரசு நாடியது ஆதாயம். மாணவர் பெற்றதோ அதனினும் பெரிது. துருக்கிய நூல்களைப் படியெடுத்துப் பிரெஞ்சில் பெயர்த்தனர். அக்கையெழுத்துப் படிகள் பிரான்சின் தேசிய நூலகத்தில் இன்றும் உள்ளன. தம் நாட்டார் அச்சத்தோடு நோக்கிய மக்களின் வரலாற்றையும் கதைகளையும் அம்மக்களின் சொற்களிலேயே அறிந்தனர்.

அயலாரைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்பது ஒன்று. அவர்தம் நகரில் வாழ்ந்து அறிவது மற்றொன்று. நம் பிள்ளைகளை அயல்நாட்டுக் கல்விக்கு அனுப்பும் நாம், அவர்கள் கொண்டுவரும் பட்டத்தை மட்டுமா கேட்போம்? அங்கே ஒருவரது துயரத்தையேனும் அவர் மொழியிலேயே கேட்டறிந்தனரா எனவும் கேட்போமாக.