பொன்னை மறைத்த இரும்பு

1881-ஆம் ஆண்டில் கொலைகாரன் ஒருவனால் சுடப்பட்டுப் படுத்த படுக்கையாய்க் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடம்புக்குள் குண்டு எவ்விடத்தில் தங்கியிருக்கிறதென்று அறியும் பொருட்டு, டெலிபோன் கண்ட அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் அவசரம் அவசரமாகச் சமைத்த மின்சாரச் சாதனமே, இன்று பொன் தேடுவோர் ஏந்தித் திரியும் மெட்டல் டிடெக்டருக்கு மூதாதை எனலாம். பரீட்சைகளில் ஒழுங்காக வேலை செய்த அது, நோயாளியின் அறையில் மட்டும் எங்கே வைத்தாலும் முனகிற்று. மெத்தைக்குள் இருந்த எஃகுச் சுருள்கள் அதைக் குழப்பின. போதாக்குறைக்குக் குண்டு இருந்தது இடப்பக்கம், வைத்தியர் தேட அனுமதித்தது வலப்பக்கம். செப்டம்பரில் ஜனாதிபதி காலமானார். தேடுவோனுக்கும் தேடப்படும் பொருளுக்கும் நடுவே இரும்பு வந்து நிற்கும் இந்தச் சங்கடம் அதன் பிறகும் அக்கருவியை விட்டபாடில்லை.

அக்கருவி பின்னாளில் பொன் தேடிப் புகுந்த இடம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா. அங்கே 1851-இல் பொன் அகப்பட்ட செய்தி பரவியதும், கடல் கடந்து வந்து குவிந்த ஜனங்கள் பல்லராட், பெண்டிகோ முதலிய இடங்களில் ஓடைக்கரைகளைக் கிளறி மண்ணைச் சலித்துக் கழுவினார்கள். பொன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கட்டியாக வேண்டியிருந்த லைசென்ஸ் பணம், தொடக்கத்தில் மாதம் 30 ஷில்லிங். அதனால் மூண்ட ஆத்திரம் 1854 டிசம்பரில் பல்லராட்டின் யுரேகாவில் இரத்தம் சிந்தியே அடங்கிற்று. மறுவருஷம் அந்த லைசென்ஸை ஒழித்து, வருஷத்துக்கு ஒரு பவுன் என்று ‘மைனர்ஸ் ரைட்’ வந்தது. இன்று அங்கே டிடெக்டரோடு போகிறவர் வாங்க வேண்டிய அனுமதிச் சீட்டுக்கும் அதே பெயர்தான்.

1869-இல் மோலியாகுல் அருகே ஜான் டீஸன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்னும் இருவருக்கு, மரவேர் ஒன்றின் பக்கத்தில், ஓர் அங்குல மண்ணுக்கடியில் அகப்பட்ட பொற்பாளம் 70 கிலோவுக்கும் அதிகம். டனோலி ஊரில் அதை நிறுக்கத் தக்க தராசு இல்லாமையால் பட்டடைக்கல்லில் வைத்து உடைத்தார்கள். ஒரு போட்டோவேனும் எடுத்து வைத்திருக்கலாம். அவ்வளவு மேலாக இப்படியொன்று கிடந்ததென்றால், சம்மட்டியும் மண்வெட்டியும் தொடாமல் விட்ட இடங்களில் இன்னும் என்னென்ன கிடக்குமோ என்ற எண்ணம் பிற்காலத்தவருக்கு எழுந்ததில் ஆச்சரியமில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில் கண்ணிவெடி தேடிப் பழகிய கருவி, மின்னணு வித்தை வளர்ந்து எடை குறைந்தபின், 1970-களின் இறுதியில் விக்டோரியாவின் காடுகளுக்குள் புகுந்தது. வட்டச் சுருளில் ஓடும் மின்சாரம் பூமிக்குள் காந்தப்புலத்தை அனுப்ப, அது பட்ட உலோகத்தில் சிறு சுழல் மின்னோட்டம் பிறந்து எதிர்ப்புலம் கிளம்ப, அது காதில் மாட்டிய கருவியில் ஒலியாய்க் கேட்பதே அதன் தத்துவம். ஆனால் அங்குள்ள செம்மண்ணில் இரும்புச் சத்தேறிய கற்கள் மலிந்திருந்தமையால், பொன்னில்லாத இடமும் பொன்னிருப்பதுபோல் பேசிற்று. அப்படியிருந்தும் 1980-இல் கிங்கோவர் அருகே, ஏறத்தாழ ஓரடி ஆழத்தில், 27 கிலோ எடையுள்ள ‘ஹேண்ட் ஆப் பெய்த்’ (நம்பிக்கையின் கரம்) என்ற கட்டி வெளிப்பட்டு, பத்து லட்சம் டாலருக்கு மேல் விலைபோய், லாஸ் வேகாஸ் சூதாட்ட மாளிகை ஒன்றின் காட்சிப் பொருளாயிற்று. சூதாட்டக்காரருக்கு அதைவிடப் பொருத்தமான தெய்வம் வேறெது?

1990-களின் நடுவில் ஆஸ்திரேலிய மைன்லேப் கம்பெனியார், காந்தத் துடிப்பை விட்டுவிட்டு அனுப்பி, இடைவெளியில் திரும்பி வரும் அலை தேய்வதை மட்டும் செவிமடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தி, மண்ணின் கூச்சலைப் பெரிதும் அடக்கினார்கள். எனினும், அலசிப் பார்த்துக் கைவிட்ட பழைய இடங்களிலும் பொன் கண்ட அக்கருவிக்கு, இரும்பாணியையும் பொன்னையும் நிச்சயமாகப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆகவே ஒலித்த இடமெல்லாம் தோண்ட வேண்டும். அகப்படுபவை பெரும்பாலும் முந்தைய தலைமுறைச் சுரங்கத்தார் விட்டுப்போன லாட ஆணி, உடைந்த கடப்பாரை முனை, துருவேறிய தகரம். அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு, குழியை மூடிவிட்டு அடுத்த அடி வைப்பது அத்தொழிலின் நித்தியக் கடமை.