ஊர் சுற்றிய ஊசி

பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறார். இரண்டு காதுகளிலும் ஐந்தைந்து ஊசிகள், மயிரிழை போல மெல்லியவை. யாரும் பேசுவதில்லை. முக்கால் மணி நேரம் போனதும் ஊசிகளைக் கழற்றச் சொல்லிவிட்டு வேலைக்கோ வீட்டுக்கோ கிளம்புகிறார்கள். அமெரிக்காவில் போதை மீட்பு மையங்களிலும் சிறைகளிலும் புயல் தாக்கிய ஊர்களின் நிவாரண முகாம்களிலும் இந்தக் காட்சியைக் காணலாம். சீனாவின் பழம்பெரும் வைத்தியம் என்றுதான் இதைச் சொல்கிறார்கள். பிறந்த வீடு சீனாதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஊசிகள் அந்தக் காதுகளுக்கு வந்து சேர்ந்த வழியில் பார்வையற்ற ஜப்பானியர் ஒருவர், மூட்டுவலியில் துடித்த டச்சுப் பாதிரியார் ஒருவர், மார்செய் நகரத்து வைத்தியப் பெண்மணி ஒருவர், ஹாங்காங்கின் மூளை அறுவை நிபுணர் ஒருவர், நியூயார்க்கின் புரட்சிக்கார இளைஞர்கள் எனப் பலர் நிற்கிறார்கள்.

சீனாவின் ஹூனான் மாகாணத்தில் மவாங்துய் என்ற இடத்தில் 1973-இல் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். கி.மு. 168-இல் மூடப்பட்டது அது. உள்ளே பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ நூல்கள் கிடைத்தன. உடலில் ஓடும் 11 நாடிகளை அவை விவரிக்கின்றன. அவற்றின் மேல் மூலிகையைச் சுடவைத்து வலியைப் போக்கும் முறையையும் சொல்கின்றன. நாடிகளில் ஊசி குத்தும் வைத்தியத்தை மட்டும் அவற்றில் காணோம். நாடி வரைபடம் முதலில் வந்து, ஊசி அதற்குப் பிறகுதான் வந்திருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கருதுவதற்கு இதுவே காரணம். கி.மு. 113-இல் இறந்த லியூ ஷெங் என்ற இளவரசரின் கல்லறையில் பொன் ஊசிகளும் வெள்ளி ஊசிகளும் இருந்தன. ஏறக்குறைய அதே காலத்தில் தொகுக்கப்பட்ட 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற மருத்துவ நூல் ஒன்பது வகை ஊசிகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் சில, கட்டியைக் கீறவும் கெட்ட ரத்தத்தை வெளியேற்றவும் பயன்பட்ட கத்திகள். இன்றைய ஊசியைப் பார்த்துப் பழகியவர்கள் அந்தப் பட்டியலைக் கண்டால் நடுங்கிப்போவார்கள்.

ஊசியோடு எப்போதும் கூடவே வந்த மூலிகைக்கு ஒரு வார்த்தை. தோலின் மேல் சுடவைக்கும் அந்தப் பஞ்சு போன்ற பொருள் மாக்சா. அது ஆர்டிமீசியா இனத்துச் செடி ஒன்றின் இலையிலிருந்து வருவது. நம் பூக்கடைகளில் கதம்பத்தோடு கட்டித் தரும் மரிக்கொழுந்தும் அதே ஆர்டிமீசியா குடும்பம்தான், நெருங்கிய உறவு.

சோங் பேரரசின் காலத்தில் இந்தக் கலைக்கு ஒரு தேர்வுமுறை வந்தது. வாங் வெய்யி என்ற அரண்மனை வைத்தியர் 1027 வாக்கில் ஆளுயர வெண்கல மனிதர்கள் இருவரை வார்ப்பித்தார். உடலெங்கும் ஊசிப் புள்ளிகளில் துளைகள். மேலே மெழுகு பூசி உள்ளே நீர் நிரப்பிவிடுவார்களாம். மாணவன் சரியான இடத்தில் குத்தினால் நீர் கசியும். தவறினால் ஊசி உள்ளே இறங்காது. மருத்துவக் கல்லூரியில் பொம்மை வைத்துப் பயிற்சி தரும் இன்றைய வழக்கத்துக்கு எவ்வளவு பழைய மூதாதை!

ஜப்பானுக்கு இந்தக் கலை ஆறாம் நூற்றாண்டிலேயே கொரியா வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே அதை மாற்றியவர் 17-ஆம் நூற்றாண்டின் சுகியாமா வாயிச்சி. சிறுவயதிலேயே பார்வையை இழந்தவர். ஊசி வைத்தியம் கற்கப் போன இடத்தில் கை நிதானம் போதவில்லை என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். மனமுடைந்து ஏனோஷிமா தீவின் கோயிலில் நோன்பிருந்தார் சுகியாமா. திரும்பும் வழியில் கல் தடுக்கி விழுந்தபோது கையில் ஏதோ குத்தியது. தடவிப் பார்த்தால், குழல் போன்ற ஒன்றுக்குள் ஒரு பைன் மர ஊசியிலை. இது மரபுக் கதை. கதை எப்படியோ, அவர் பெயரால் நிலைத்தது வழிகாட்டிக் குழல். சிறு குழலைத் தோலில் நிறுத்தி, உள்ளே ஊசியை விட்டு, மேலே விரலால் ஒரு தட்டு. குத்துவதே தெரியாது. கண் தெரியாதவரும் துல்லியமாகக் குத்தலாம், ஊசியையும் மிக மெல்லியதாக்கலாம். பார்வையற்றோருக்கென்றே அவர் தொடங்கிய பள்ளிகள், ஜப்பானில் இந்தத் தொழிலை அவர்களுக்குரிய கௌரவமான பிழைப்பாக ஆக்கின. இன்று உலகெங்கும் விற்கும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிகள் பலவற்றோடு ஒரு பிளாஸ்டிக் குழல் வருகிறதே, அது அவருடையதுதான்.

சுகியாமா வாழ்ந்த காலத்திலேயே நாகசாகித் துறைமுகத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நின்றன. முதலில் ஐரோப்பா போனது ஊசி அல்ல, மாக்சா. பட்டேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், ஹெர்மன் புஷோஃப் என்ற பாதிரியார் கவுட் என்னும் மூட்டுவலி நோயால் பல காலம் அவதிப்பட்டார். உள்ளூர் வைத்தியப் பெண் ஒருவர் அவருடைய கால்களில் மாக்சா சுட்டு வலியைத் தணித்தார். நன்றியில் பாதிரியார் ஒரு சிறு நூலே எழுதிவிட்டார். 1670-களில் அது டச்சிலும் ஆங்கிலத்திலும் அச்சேறியது. 1677-இல் வில்லியம் டெம்பிள் என்ற பிரிட்டிஷ் ராஜதந்திரி, சமாதானப் பேச்சுக்குப் போன இடத்தில் கால்வலியால் முடங்கி, அதே வைத்தியத்தைச் செய்துகொண்டு அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். புஷோஃபின் பெயர் நின்றது, டெம்பிளின் பெயர் நின்றது; வைத்தியம் பார்த்த அந்தப் பெண்ணின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. இந்த நெடுங்கதையில் எனக்கு ஆற்றாமை தரும் இடம் இது.

ஊசியைக் கொண்டுபோனவர் கம்பெனியின் மருத்துவர் வில்லெம் டென் ரைனே. 1674 முதல் 1676 வரை ஜப்பானில் இருந்தார். தலைநகர் எதோவுக்குப் போகும் பயணத்தில் உடன் வந்த காவல்வீரர் ஒருவருக்கு வயிற்றுவலி. வைத்தியரைக் கூப்பிடாமல் அவரே மல்லாந்து படுத்து, வயிற்றில் ஊசியை வைத்துச் சிறு சுத்தியலால் தட்டி இறக்கிக்கொண்டார், வலி போனது. டென் ரைனே வியந்து குறித்துக்கொண்டார். 1683-இல் லண்டனில் வெளியான அவருடைய லத்தீன் நூல்தான் ஐரோப்பாவுக்கு 'அக்குபங்சர்' என்ற பெயரையே தந்தது.

பிறகு நூறாண்டுக்கு மேல் பெரிய அசைவில்லை. திடீரென்று 1810-இல் பிரான்ஸில் ஒரு கிராமப்புற மருத்துவர் ஊசியைக் கையில் எடுத்தார். பெயர் லூயி பெர்லியோஸ். இசை மேதை ஹெக்டர் பெர்லியோஸின் தந்தை. அதன்பின் பாரிஸ் மருத்துவமனைகளில் அது ஒரு மோகமாகப் பரவியது. 1825-இல் சர்லாந்தியேர் என்பவர் ஊசியில் மின்சாரம் பாய்ச்சினார். அட்லாண்டிக்குக்கு அப்பால் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் கொள்ளுப்பேரன் ஃபிராங்க்ளின் பாஷ், பென்சில்வேனியா சிறைக்கைதிகளிடம் ஊசி வைத்தியத்தைச் சோதித்து 1826-இல் முடிவுகளை வெளியிட்டார். நவீன மருத்துவத்தின் பிதாமகர்களில் ஒருவரான வில்லியம் ஆஸ்லர், 1892-இல் எழுதிய பாடநூலில் இடுப்புவலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைத்தார். தனி ஊசி இல்லையா, பெண்கள் தொப்பியில் குத்தும் ஊசியைக் கிருமி நீக்கிப் பயன்படுத்தலாம் என்றார்!

பிறந்த வீட்டில் இதே காலத்தில் நிலைமை தலைகீழ். 1822-இல் சீனப் பேரரசர் தாவோகுவாங், அரண்மனை மருத்துவ நிலையத்திலிருந்து ஊசி வைத்தியத்தை விலக்கினார். 1929-இல் சீன மருத்துவத்தையே படிப்படியாக ஒழிக்கும் தீர்மானம் வந்தது. வைத்தியர்கள் திரண்டு போராடித் தடுத்தார்கள். அந்தக் கொந்தளிப்பில் எழுந்தவர் செங் தான்-ஆன். 1931-இல் வந்த அவர் நூல், புள்ளிகளை நவீன உடற்கூறியலின்படி நரம்புகளை ஒட்டி, ரத்தக்குழாய்களைத் தவிர்த்து, புதிதாக வரையறுத்தது. கெட்ட ரத்தம் எடுக்கும் பழைய வேலை பின்னுக்குப் போனது. பிறகு அவர் ஜப்பான் போய் அங்குள்ள பள்ளிகளைப் பார்த்து வந்தார். அஞ்சல்வழிப் பாடம் நடத்தினார், பத்திரிகை நடத்தினார். இன்று சீன அக்குபங்சர் என்று உலகம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி இந்த மனிதர் 1930-களில் செப்பனிட்டது, அதுவும் ஜப்பானிடம் கற்றதைச் சேர்த்து. கடன் வாங்கியதால் அது சீனத்தன்மை இழந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. சாகக் கிடந்த ஒன்றை அவர் பிழைக்க வைத்தார்.

1949-க்குப் பின் மாவோவின் அரசுக்குக் கோடிக்கணக்கான கிராமத்தினரும் கைக்கெட்டிய சொற்ப மருத்துவர்களும்தான் இருந்தார்கள். ஊசி மலிவு, பையில் அடங்கும், விரைவில் கற்பிக்கலாம். 1956-இல் சீன மருத்துவக் கல்லூரிகள் திறந்தன. 1960-களின் இறுதியில் குறுகிய பயிற்சி பெற்ற 'வெறுங்கால் மருத்துவர்கள்' ஊசியும் மூலிகையும் தடுப்பூசியுமாக வயல்வெளிகளில் நடந்தார்கள்.

இனி காதுக்கு வருவோம். 1950-களில் பிரான்ஸின் லியோன் நகரில் பால் நோஜியே என்ற மருத்துவர், சில நோயாளிகளின் காதில் ஒரே இடத்தில் சிறிய சூட்டுத் தழும்பு இருப்பதைக் கவனித்தார். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலிக்காக மார்செய் நகரில் மதாம் பரேன் என்ற வைத்தியப் பெண்மணி வைத்த சூடு அது. வலி குறைந்தது என்றார்கள். நோஜியே தாமே செய்து பார்த்தார். காதின் வடிவம் தலைகீழாகக் கிடக்கும் சிசுவைப் போலிருக்கிறது, ஆகவே உடலின் ஒவ்வொரு உறுப்புக்கும் காதில் ஓர் இடம் உண்டு என்று ஒரு வரைபடம் போட்டார். அது 1957-இல் ஒரு ஜெர்மன் இதழில் வெளியாகி, சீனாவுக்கே போய்விட்டது. நான்ஜிங்கின் ராணுவ மருத்துவர்கள் அதைச் சோதித்துத் தங்கள் புள்ளிகளையும் சேர்த்தார்கள். பிரெஞ்சுச் சூடு சீன ஊசியாக மாறியது.

1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரெஸ்டன் பீஜிங்கில் குடல்வால் அழற்சியால் படுத்தார். அறுவை வழக்கமான மயக்க மருந்தோடுதான் நடந்தது. மறுநாள் வயிற்று உப்பசத்துக்குத்தான் ஊசி போட்டார்கள். அவர் தெளிவாக எழுதியும், ஊசியை வைத்தே அறுவை செய்தார்கள் என்று அமெரிக்கா நம்பிவிட்டது. அந்தத் தவறான நினைவுக்குக் கிடைத்த பரபரப்பு, உண்மைச் செய்திக்கு ஒருநாளும் கிடைத்திராது.

அடுத்த ஆண்டு ஹாங்காங்கின் குவாங் வா மருத்துவமனை. அபின் பழக்கமுள்ள ஒருவருக்கு மூளை அறுவைக்கு முன் வலி தெரியாதிருக்கக் காதில் ஊசி வைத்து மின்சாரம் பாய்ச்சினார் டாக்டர் ஹெச். எல். வென். சர்லாந்தியேரின் யோசனை உலகைச் சுற்றி இங்கே வந்திருந்தது. வலி ஒருபுறம் இருக்க, அபின் இல்லாமல் வரும் உடல் நடுக்கமே நின்றுவிட்டது என்றார் நோயாளி. வென் மற்றவர்களிடமும் சோதித்து 1973-இல் கட்டுரை வெளியிட்டார்.

அந்தச் செய்தி எட்டிய இடம் நியூயார்க்கின் சவுத் பிராங்ஸ். ஏழைக் கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ மக்களின் பகுதி. ஹெராயின் வீடு வீடாக இளைஞர்களைக் கொன்றுகொண்டிருந்தது. 1970 ஜூலையில் யங் லார்ட்ஸ் என்ற புரட்சிக் குழுவின் இளைஞர்கள் பாழடைந்த லிங்கன் மருத்துவமனையின் ஒரு கட்டடத்தைக் கைப்பற்றி, மனிதருக்குரிய சிகிச்சை கேட்டார்கள். நவம்பரில் அங்கேயே ஒரு போதை மீட்பு மையம் பிறந்தது. முதலில் ஹெராயினுக்கு மாற்றாகத் தரும் மெத்தடோன் மருந்தைக் கொடுத்தார்கள். அது ஒரு விலங்குக்குப் பதில் இன்னொரு விலங்கு என்று அவர்களுக்குத் தோன்றியது. ஊசியைப் பற்றிப் படித்ததும் பற்றிக்கொண்டார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் முட்டுலு ஷகூர். ராப் பாடகர் டூபாக்கின் வளர்ப்புத் தந்தை. அவர் முறையாக அக்குபங்சர் பயின்றார், அக்கம்பக்கத்தாருக்கும் கற்பித்தார். 1978-இல் மாநகராட்சி காவலர்களை அனுப்பி அந்தக் குழுவை வெளியேற்றியது. 1981-இல் நடந்த ஒரு கொள்ளை வழக்கில் ஷகூர் தண்டிக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் சிறையில் கழித்தார். ஊசி வைத்தியம் மட்டும் லிங்கனில் தொடர்ந்தது. மனநல மருத்துவர் மைக்கேல் ஸ்மித் தலைமையில் மின்சாரம் போனது, புள்ளிகள் ஐந்தாகச் சுருங்கின. 1985-இல் அந்த முறையைப் பரப்ப 'நாடா' என்ற சங்கம் உருவானது. அங்கே கூடவே ஒரு மூலிகைத் தேநீரும் உண்டு: கெமோமில், புதினா வகை, 'யாரோ' என்னும் செடி, ஸ்கல்கேப். எல்லாம் மேற்கத்திய நாட்டு வைத்தியத்தில் புழங்கியவை.

1989-இல் மயாமியின் போதை நீதிமன்றம் இந்த ஐந்து ஊசிகளைத் தண்டனைக்கு மாற்றான சிகிச்சையில் சேர்த்தது. 2002-இல் போர்ட்லாண்டில் 'வொர்க்கிங் கிளாஸ் அக்குபங்சர்' சாய்வு நாற்காலிகளை ஒரே கூடத்தில் போட்டு, அவரவர் வசதிக்கேற்ற கட்டணத்தில் முழு உடலுக்கும் வைத்தியம் பார்க்கத் தொடங்கியது. நம் பக்கத்துக்கும் ஊசி தனி வழியில் வந்தது. 1938-இல் சீனப் போர்முனைக்குப் போன இந்திய மருத்துவர் ஐவரில் கோட்னிஸின் பெயர் நமக்குத் தெரியும். அவருடன் போன பிஜய் பாசுதான் பின்னாளில் மீண்டும் சீனா சென்று கற்றுவந்து கல்கத்தாவில் ஊசி வைத்தியத்தைத் தொடங்கினார். இலங்கையில் கொழும்பு களுபோவில மருத்துவமனையில் ஆண்டன் ஜயசூரிய பல நாட்டு மாணவர்களுக்குப் பயிற்சி தந்தார்.

இதெல்லாம் பலிக்கிறதா? 2002-இல் வெளியான ஆய்வில், கொக்கெய்ன் பழக்கமுள்ள 620 பேரைக் காது ஊசி பெற்றவர்கள், வேறு இடத்தில் ஊசி பெற்றவர்கள், ஓய்வுப் படங்கள் பார்த்தவர்கள் எனப் பிரித்தார்கள். மூன்று குழுவுக்கும் வித்தியாசமில்லை. ஆகவே கொக்கெய்னை விடுவிக்கும் மருந்து என்று இதைச் சொல்லக் கூடாது. 2007-இன் ஜெர்மன் ஆய்வோ வேறொன்று காட்டியது. நாள்பட்ட முதுகுவலிக்காரர் 1,162 பேரில், உண்மை அக்குபங்சர் பெற்றோரில் 47.6 சதவீதத்தினருக்கும், புள்ளி தவறி மேலோட்டமாகக் குத்தப்பட்டோரில் 44.2 சதவீதத்தினருக்கும் நல்ல பலன். வழக்கமான சிகிச்சையில் 27.4 சதவீதம்தான். வெண்கல மனிதரை வைத்துத் தேர்வு நடத்தியவர்களுக்கு இது கசப்பான செய்தி. புள்ளியைவிட, குத்துகிற கை, கேட்கிற காது, அசையாமல் கிடக்கிற அரைமணி நேரம் ஆகியவற்றுக்குப் பங்கு அதிகம் என்றே நான் வாசிக்கிறேன். ஜெர்மன் காப்பீட்டு அமைப்பு இந்த வகை ஆய்வுகளை வைத்தே முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும் ஊசிச் செலவை ஏற்றது.

இப்போது அமெரிக்க மாநிலங்களில் நடப்பது வேறொரு வழக்கு. காதில் ஐந்து ஊசி வைக்க முழு அக்குபங்சர் பட்டம் வேண்டுமா, குறுகிய பயிற்சி பெற்ற செவிலியரும் போதை மீட்பு ஆலோசகரும் வைக்கலாமா? நியூயார்க் உள்ளிட்ட பல மாநிலங்கள் அவர்களுக்கு அனுமதி தந்துவிட்டன. பட்டம் பெற்ற அக்குபங்சர் மருத்துவர்களில் ஒரு பகுதியினர் இன்னும் எதிர்க்கிறார்கள்.