புனேயின் அயல்நாட்டு ஆசிரியர்களும் பெயர் தெரியாத சாஸ்திரிகளும் (1821–1890)

பேஷ்வா ஆட்சி 1818-இல் முடிந்தது. மூன்றாண்டு கழித்து, 1821 அக்டோபர் 6 அன்று, பம்பாய் ஆளுநர் மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் புனேயில் இந்துக் கல்லூரியைத் தொடங்கினார். பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் கட்டிய விஷ்ராம்பாக் வாடாதான் அதற்கு இடம். பேஷ்வாக்கள் ஆண்டுதோறும் ஆவணி மாதத்தில் வேதம் கற்ற பிராமணர்களுக்கு வழங்கிவந்த தட்சிணையிலிருந்து அதற்குப் பணம் ஒதுக்கப்பட்டது. ஆட்சி இழந்த நகரத்தின் பண்டிதர்களைச் சமாதானப்படுத்தும் அரசியல் நோக்கம் இதில் வெளிப்படையாகவே இருந்தது. தொடக்கத்தில் பிராமண மாணவர்களுக்கு மட்டுமே அங்கே இடம். பாடம் சொன்னவர்களும் சாஸ்திரிகளே.

இந்தக் கல்லூரிக்கு வந்துசேர்ந்த ஐரோப்பிய ஆசிரியர்களைப் பற்றிய நூல்கள் அவர்களது புலமையைப் பேசுகின்றன. அவர்கள் எதிர்கொண்ட சமூகத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆசாரம், தீட்டு, ஊர்விலக்கு பற்றிய அச்சம் ஆகியவை நிறைந்த நகரம் அது. கற்பிக்க வந்தவர்களில் யார் இங்கே மாணவராக உட்கார்ந்தார்களோ அவர்களுடைய பணியே நிலைத்தது. அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் தம் சாதிக்குள் அதற்கு விலை கொடுக்க நேரும் அபாயம் இருந்தது. இந்த இரண்டாவது செய்தியைத்தான் வரலாறு எழுதத் தவறியிருக்கிறது.

முதல் தலைமுறையின் அடையாளம் தாமஸ் கேண்டி. மோல்ஸ்வர்த்துடன் சேர்ந்து மராத்தி–ஆங்கில அகராதியில் உழைத்தவர் (1831). அதற்கு இரண்டாண்டு முன்பே ஜகந்நாத சாஸ்திரி கிரமவந்த் முதலான பண்டிதர்கள் தொகுத்த மராத்திக் கோசம் வெளிவந்திருந்தது. மராத்திப் பாடநூல்களின் நடை பல ஆண்டுகள் கேண்டியின் கையால் திருத்தப்பட்டது. ஆங்கில நிறுத்தக்குறிகளை மராத்தி உரைநடைக்குள் கொண்டுவந்து நிலைநிறுத்தியவரும் அவரே. 1852 நவம்பர் 16 அன்று அதே விஷ்ராம்பாக் வாடாவில் அரசின் சார்பில் ஜோதிராவ் பூலேவுக்குச் சால்வை அணிவித்துச் சிறப்புச் செய்யப்பட்டபோது கேண்டி அங்கே முன்னின்றார். பெண்களுக்குப் பள்ளி நடத்திய மாலி சாதி இளைஞர் ஒருவர், பிராமணர்க்கென்றே கல்லூரி திறந்த மாளிகையில் மரியாதை பெற்றது சிறிய நிகழ்ச்சி அல்ல. பூலே ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் படித்தவர். அகமதுநகரில் அமெரிக்க மிஷனரி சிந்தியா ஃபேரரின் பெண்கள் பள்ளியைப் பார்த்துவிட்டு வந்து 1848-இல் புனேயில் தம் பள்ளியைத் தொடங்கியவர். அயல்நாட்டு ஆசிரியர்களின் வருகை பண்டிதர்களுக்கு ஒரு பொருளையும் பூலேவுக்கு வேறொரு பொருளையும் தந்தது என்பதை இங்கே மறக்கலாகாது.

1857-இல் கல்லூரியின் முதல்வராக வந்த எட்வின் ஆர்னால்டுக்கு அப்போது வயது இருபத்தைந்து. சமஸ்கிருதமும் மராத்தியும் இங்கேதான் அவருக்குப் பழகின. இதோபதேசத்தை மொழிபெயர்த்து 1861-இல் வெளியிட்டார். அந்த ஆண்டே நாடு திரும்பிப் பத்திரிகையாளரானார். 1879-இல் அவர் எழுதிய புத்தர் காவியத்தைத் தழுவித்தான் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை நமக்கு 'ஆசிய ஜோதி'யைத் தந்தார். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் படித்த வரிகளின் மூலத்துக்குப் பின்னால் புனே வாடா ஒன்றின் பாடங்கள் இருக்கின்றன என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தரும் செய்தி.

இந்த வரலாற்றின் நடுநாயகமான சான்று மார்ட்டின் ஹௌக். ஜெர்மனியின் வுர்ட்டம்பர்க் பகுதியில் பிறந்த இவர் 1859-இல் சமஸ்கிருதப் படிப்பின் கண்காணிப்பாளராக வந்தார். வேள்விச் சடங்குகளை விளக்கும் வேத நூலான ஐதரேய பிராமணத்தைப் பதிப்பித்து மொழிபெயர்க்க முனைந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. வேள்வியை நேரில் பார்க்காமல் அந்த நூல் விளங்காது. ஆனால் சிரௌத வேள்விகள் நடத்தத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே எஞ்சியிருந்தார்கள். அயலாருக்கு அதைக் காட்டுவது மாபெரும் அபசாரம் என்று அவர்கள் கருதினார்கள்; காட்டினால் சமூகத்தில் தம் நிலை என்னவாகும் என்ற அச்சமும் இருந்தது. நெடுநாள் முயன்று, பெருந்தொகை கொடுத்து, சோம வேள்விகளில் பங்கேற்ற ஒரு வைதிகரின் இசைவை ஹௌக் பெற்றார். தம் வளாகத்தில் மறைவான ஓர் இடத்தில் களம் அமைத்து, கருவிகளை வரவழைத்து, ஏறத்தாழ ஐந்து நாள் முதன்மையான சடங்குகளைச் செய்துகாட்டச் சொல்லிக் குறிப்பெடுத்தார். நூல் 1863-இல் பம்பாயில் வெளிவந்தது. இவ்வளவையும் முன்னுரையில் ஒளிக்காமல் எழுதிய ஹௌக், இந்த வருணனையில் அந்த வைதிகரின் பெயரைச் சொல்லவில்லை.

அந்த மௌனத்தை நான் இரண்டு விதமாகப் படிக்கிறேன். பெயர் வெளிப்பட்டால் அவருக்குப் பந்தியில் இடம் போயிருக்கும். மறைத்தது காப்பாற்றுவதற்காக இருக்கலாம். அதேவேளை, ஐரோப்பியருக்குத் தகவல் தருபவர் பெயரற்றவராக இருப்பது அக்கால வழக்கம். எதுவாயினும் இழப்பு ஒன்றே.

ஹௌக் 1866-இல் விலக, ஃபிரான்ஸ் கீல்ஹார்ன் வந்தார். 1881 வரை பதினைந்தாண்டுகள் இருந்தார். 1868-இல் கல்லூரி எரவாடாப் பக்கத்துப் புதுக் கட்டடத்துக்குப் போனது; அதுவே டெக்கான் கல்லூரி. இலக்கணத்தைப் பாடங்கேட்கும் புனே மரபு கீல்ஹார்னின் ஆராய்ச்சிக்கு அடித்தளமாயிற்று. சமஸ்கிருத இலக்கண நூலான மகாபாஷ்யத்துக்கு அவர் தந்த மூன்று தொகுதிப் பதிப்பு (1880–85) இன்றும் அறிஞர்களின் கையில் இருக்கிறது. இங்கே தமிழ் கற்ற ஜி.யு. போப்புக்கும் அவ்வாறே ஆசிரியராக இராமானுஜ கவிராயர் வாய்த்ததை நாம் அறிவோம். கவிராயரின் பெயர் நம் நினைவில் நிலைத்தது நம் நற்பேறு.

இந்திய அறிஞர்களுக்குக் கிடைத்த மதிப்பு ஒருபுறம், அவர்களிடம் காட்டப்பட்ட இனவேற்றுமை மறுபுறம். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியர் பொறுப்பைத் தற்காலிகமாக வகித்த ரா.கோ. பண்டார்கரை ஒதுக்கிவிட்டு 1873-இல் பீட்டர் பீட்டர்சன் அமர்த்தப்பட்டார். கீல்ஹார்ன் போன பிறகே டெக்கான் கல்லூரியில் பண்டார்கருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. இத்தகைய அநீதிகளைப் பார்த்து வளர்ந்தது அடுத்த தலைமுறை. டெக்கான் கல்லூரியில் படித்த விஷ்ணுசாஸ்திரி சிப்லூண்கர், திலகர் போன்றோர் 1880 ஜனவரியில் நியூ இங்கிலீஷ் ஸ்கூலைத் தொடங்கினார்கள். அதைத் தொடர்ந்து 1885-இல் ஃபெர்குசன் கல்லூரி பிறந்தது. ஆங்கிலக் கல்வி வேண்டும், ஆனால் ஆசிரியர் நம்மவராக இருக்கவேண்டும் என்பது அவர்களது முடிவு.

சமூக எல்லை எவ்வளவு கெட்டியாக இருந்தது என்பதை 1890 அக்டோபர் 14 காட்டியது. புனேயின் பஞ்ச் ஹௌத் கிறிஸ்தவ மிஷன் அழைப்பை ஏற்று ரானடே, திலகர், கோகலே உள்ளிட்ட பிரமுகர்கள் சென்றார்கள். கன்னிகாஸ்திரீகள் தேநீரும் பிஸ்கட்டும் பரிமாறினார்கள். சிலர் குடித்தார்கள், சிலர் கோப்பையைத் தொட்டதோடு விட்டார்கள். கோபால்ராவ் ஜோஷி என்பவர் பெயர்ப் பட்டியலைப் 'புனே வைபவ்' இதழில் வெளியிட, ஊர் கொந்தளித்தது. வழக்கு சங்கராச்சாரியார் வரை சென்றது. திலகர் காசியில் பிராயச்சித்தம் செய்துகொண்டதாகச் சொன்னார். ரானடே 1892-இல் செய்துகொண்டார். நீதிபதியான ரானடேவுக்கே ஒரு கோப்பைத் தேநீர் இத்தனை பாடு என்றால், முப்பதாண்டுகளுக்கு முன் வேள்வியையே காட்டிய அந்த வைதிகர் துணிந்த அபாயத்தை எண்ணிப் பாருங்கள்.

கீல்ஹார்னின் மகாபாஷ்யத்தைப் பின்னாளில் திருத்திப் பதிப்பித்தவர் புனேயின் கா.வா. அபயங்கர். அவர், அதே நூலை மராத்தியில் தந்த வாசுதேவ சாஸ்திரி அபயங்கரின் மகன். அந்தப் பதிப்பில் ஜெர்மானியர் பெயரோடு புனேக்காரர் பெயரும் நிற்கிறது. ஹௌக்கின் வைதிகருக்கு அந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை. புனேயில் ஆய்வு செய்யும் இளைஞர்கள் கல்லூரிப் பதிவேடுகளிலும் சாஸ்திரி குடும்பங்களின் ஏடுகளிலும் அவரையும் அவரைப் போன்றவர்களையும் தேடிப் பெயரோடு எழுதவேண்டும்.