காந்தத்தின் ஓரத்தில் 9,500 ஆம்பியர் கரண்ட்... தொட்டால் ஷாக் அடிக்காதது ஏன்?

'காந்தம் மட்டும் போதும், வாழ்நாள் முழுக்க இலவச கரண்ட்' என்று சொல்லும் வீடியோக்கள் சமூக வலைதளங்களில் அடிக்கடி வலம் வருகின்றன. காந்தத்தில் உண்மையிலேயே மின்னோட்டம் இருக்கிறதா? அதை வெளியே எடுக்க முடியுமா?

காந்தத்துக்குள் கரண்ட்டா?

கரண்ட் ஓடும் கம்பி, திசைகாட்டி முள்ளைத் திருப்புவதை 1820-ல் டென்மார்க் விஞ்ஞானி ஓர்ஸ்டெட் அறிவித்தார். இதையடுத்து, காந்தத்துக்குள்ளும் மின்னோட்டங்கள் சுழல்கின்றன என்றார் பிரான்ஸின் ஆம்பியர். இன்றைய அறிவியல்படி, அணுவில் உள்ள எலக்ட்ரான்கள் குட்டி மின்சுற்றுகளைப் போலச் செயல்படுகின்றன. இரும்பில் இதற்கு முக்கியக் காரணம், எலக்ட்ரானின் 'ஸ்பின்' என்ற இயல்பு.

ஓரத்தில் மட்டும் ஏன்?

தரையில் டைல்ஸ் பதித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு டைல்ஸிலும் ஒரே திசையில் கரண்ட் சுற்றுகிறது. இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டில் ஒன்று மேலே போனால், மற்றொன்று கீழே வரும். இரண்டும் ரத்தாகிவிடும். பக்கத்தில் ஆள் இல்லாத வெளி ஓரத்தில் மட்டும் கரண்ட் மிச்சமாகும். இதுதான் 'கட்டுண்ட மேற்பரப்பு மின்னோட்டம்'. காந்தத்தை இரண்டாக உடைத்தால், புதிய ஓரத்திலும் இது உருவாகும். அதனால்தான் இரண்டு துண்டும் தனித்தனி காந்தமாகிறது.

எவ்வளவு கரண்ட்?

1 செ.மீ. தடிமனுள்ள வலுவான நியோடிமியம் காந்தத்தின் ஓரத்தில் இது சுமார் 9,500 ஆம்பியருக்குச் சமம். நம் வீட்டு பிளக் பாயின்ட்டுகள் தாங்குவதோ 6 அல்லது 16 ஆம்பியர்தான்!

ஷாக் ஏன் இல்லை?

எந்த எலக்ட்ரானும் காந்தத்தைச் சுற்றி ஓடுவதில்லை. ஒவ்வொன்றும் தன் அணுவோடு கட்டுண்டு கிடக்கிறது. அதனால் ஷாக் இல்லை, சூடு இல்லை. வயரை இணைத்தாலும் இந்தக் கரண்ட் அதில் வராது.

அப்போ இலவச கரண்ட்?

கிடைக்காது. சைக்கிள் டைனமோவிலும் காந்தம்தான் இருக்கிறது. ஆனால் லைட் எரிவதற்கான ஆற்றல், மிதிப்பவரின் காலில் இருந்து வருகிறது. மிதிப்பதை நிறுத்தினால் லைட்டும் அணைந்துவிடும்.

காந்தத்தால் வேறொரு லாபம் உண்டு. காந்தப்புலத்தைத் தக்கவைக்க அதற்கு கரண்ட் செலவு இல்லை. பிஎல்டிசி ஃபேன்கள் மின்சாரத்தை மிச்சப்படுத்த இதுவும் ஒரு காரணம். எனவே, 'காந்த ஜெனரேட்டர்' என்று யாராவது விற்க வந்தால், பணம் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அதைச் சுற்ற வைப்பது எது?