கேமரன் மலை: நீர் ஓடிய திசையும் சாலை வந்த திசையும்

கேமரன் மலை மாவட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1885ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகின்றனர். நில அளவையாளர் வில்லியம் கேமரன் அவ்வாண்டு மேற்கொண்ட பயணமே இம்மலைக்குப் பெயர் தந்தது. அவருக்கு நெடுங்காலம் முன்பே செமாய், தெமியார் பூர்வக்குடியினர் இப்பகுதியில் வாழ்ந்து வந்தனர். ஆதலின் 'கண்டுபிடிப்பு' என்னும் சொல்லை வகுப்பறையில் நாம் தயக்கத்துடனேயே ஆள வேண்டும். எனினும், இங்கு நாம் ஆராய விழைவது வேறொரு வினா. பகாங் மாநிலத்திற்குரிய இம்மாவட்டம் நெடுங்காலம் பேராக்கையே வாயிலாகக் கொண்டிருந்தது ஏன்?

ஏறத்தாழ 712 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இம்மாவட்டம் தித்திவங்சா மலைத்தொடரில் அமைந்துள்ளது. மேற்கே பேராக், வடக்கே கிளந்தான். பேராக்குடனான எல்லை மலைத்தொடரின் முகட்டை ஒட்டிச் செல்கிறது. முகட்டுக்குக் கிழக்கே பிறக்கும் பெர்தாம், தெலோம் ஆறுகள் இயல்பாக ஜெலாய் வழியே பகாங் ஆற்றை அடைந்து தென்சீனக் கடலில் கலப்பவை. நீரோட்டத்தை அளவுகோலாகக் கொண்டால் இது பகாங் நிலமே. முன்னர் லிப்பிஸ் மாவட்டத்தின் பகுதியாக இருந்ததும் இவ்வியல்புக்கு ஒத்ததே.

சாலையோ எதிர்த்திசையிலிருந்து வந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்த பின்னர் மலைவாழிடம் அமைக்கும் திட்டம் உருப்பெற்றது. ஈயச் சுரங்கங்களும் இரயில் பாதையும் நகரங்களும் மேற்குக் கரையில் இருந்தமையால், பேராக்கின் தாப்பாவிலிருந்தே சாலை வெட்டப்பட்டது. 1931இல் அது நிறைவுற்றது. அதன் பின்னர்ப் பகாங்கின் பிற ஊர்களுக்குச் சாலைவழி செல்ல விரும்பிய மலைவாசி முதலில் பேராக்கில் இறங்க வேண்டியவரானார்!

தேயிலையும் இக்காலத்தில்தான் வேரூன்றியது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். தோட்டங்களில் உழைத்தோருள் தமிழர் பெரும்பங்கினர். இங்கு ஆண்டுகளைக் கூர்ந்து நோக்குதல் தகும். உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயாவுக்குப் புலம்பெயர்வதை இந்திய அரசு 1938இல் தடைசெய்தது. சமவெளி இரப்பர்த் தோட்டங்களுக்குப் பல்லாண்டுகளாக ஆள்சேர்த்த அமைப்பு, மலைத் தோட்டங்கள் தொடங்கிப் பத்தாண்டு நிறைவதற்குள் முடிவுக்கு வந்தது. ஆகவே மலைத் தமிழரின் வரலாற்றைச் சமவெளித் தோட்ட வரலாற்றின் நகலாக எழுதுவது பொருந்தாது என்பது நம் கருத்து.

சாலைக்குப் பின் நீரும் திசைமாறியது. ரிங்லெட் அருகே பெர்தாமின் குறுக்கே கட்டப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணை 1963இல் இயங்கத் தொடங்கியது. தெலோம் ஆற்று நீரும் சுரங்கவழி பெர்தாம் படுகைக்குக் கொணரப்பட்டது. அணையில் தேங்கும் நீர் மலையைக் குடைந்த மற்றொரு சுரங்கத்தினூடே பேராக்கின் பாத்தாங் பாடாங் பள்ளத்தாக்கில் இறங்கி மின்னாக்கம் செய்கிறது. தென்சீனக் கடலுக்குரிய நீர் மலாக்கா நீரிணைக்குச் செல்லலாயிற்று.

இம்மாற்றத்தின் விலையை எவர் செலுத்தினர் என்பதையும் நாம் கேட்க வேண்டும். காய்கறித் தோட்டங்களுக்காகவும் கட்டடங்களுக்காகவும் சரிவுகள் வெட்டப்பட, மழை அரித்த மண் நீர்த்தேக்கத்தில் படிந்து அதன் கொள்ளளவைக் குறைத்தது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. மின்னாக்கத்துக்குரிய நீர் மேற்கே செல்கிறது. மிகுவெள்ளமோ பழைய தடத்திலேயே, அதன் கரையில் குடியிருப்போர்மீது, இறங்குகிறது.

சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்குப் பின்னர் அமைந்த சாலையும் பேராக்கிலிருந்து ஏறி வருவதே. மாநில எல்லையைக் கடவாமல் ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் வழியாக லிப்பிஸுக்கு இறங்கும் நெடுஞ்சாலை இந்நூற்றாண்டில்தான் கிட்டியது. ஆறு காட்டிய திசையில் ஒரு நெடுஞ்சாலை அமைய, தாப்பாச் சாலைக்குப்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.