மேய்தலும் வார்த்தலும்: மேலைக்கடற்கரைக் கூரைச் சொற்களின் வரலாறு

1. களமும் தட்பவெப்பமும்

ஒரு நிலப்பகுதியின் கூரை அங்குள்ள மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப அமைகிறது. அக்கூரையைப் பற்றிய சொற்களிலும் அத்தட்பவெப்பத்தின் தடம் பதிந்திருக்கும். மங்களூரிலிருந்து கோழிக்கோடு வரை நீளும் அரபிக்கடற்கரை இதனை ஆராய்வதற்குத் தக்க களமாகும். இங்கு ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் ஆகும். அதன் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் பொழிகிறது. எஞ்சிய மாதங்களிலும் காற்றில் ஈரமும் உப்பும் நிறைந்துள்ளன.

இத்தகைய சூழலில் ஓலையும் புல்லும் நெடுநாள் நிற்பதில்லை. பூஞ்சணமும் கறையானும் அவற்றை அரிக்கின்றன. ஆதலின் ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் கூரையைப் புதுப்பிப்பது இன்றியமையாத பணியாயிற்று. அப்பணியைக் குறிக்கும் வினையே மலையாளத்தின் ‘மேயுக’. தமிழின் ‘வேய்தல்’, ‘மேய்தல்’ ஆகியவை இதனோடு ஒத்துநோக்கத்தக்கவை. செய்து முடித்த பொருளைவிட, ஆண்டுதோறும் திரும்பி வரும் உழைப்பே இவ்வினையில் முதன்மை பெறுகிறது.

2. ஓட்டின் வருகை

கையால் வனைந்த நாட்டு ஓடு முன்பே வழக்கில் இருந்தது. எனினும் கோவில், அரண்மனை, செல்வர் மனை ஆகியவற்றுக்கே அது பெரிதும் உரியதாயிருந்தது; எளியோர் இல்லங்கள் ஓலையாலும் புல்லாலும் வேயப்பட்டன. ஒன்றன்மேல் ஒன்றாகத் தளர்வாக அடுக்கப்படும் நாட்டு ஓடு காற்றாலும் விலங்குகளாலும் இடம் பெயர்ந்துவிடும். ஆகவே அதனையும் அடிக்கடி பிரித்து அடுக்க வேண்டியிருந்தது.

இந்நிலையை மாற்றியது பாசல் மிஷன் 1865இல் மங்களூரின் ஜெப்புப் பகுதியில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையாகும். அதனை நிறுவியவர் ஜியார்ஜ் பிளெப்ஸ்ட். அல்சாஸ் பகுதியின் கிலார்டோனி சகோதரர்கள் 1841இல் உருவாக்கிய, ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் ஓட்டு வகையைச் சார்ந்தது மங்களூர் ஓடு. இவ்வோட்டின் அடிப்புறத்துக் குமிழ் மரச்சட்டத்தில் மாட்டிக்கொள்வதால் ஒவ்வோர் ஓட்டுக்கும் ஆணி தேவைப்படுவதில்லை. உப்புக்காற்றில் இரும்பு எளிதில் துருப்பிடிக்கும் கடற்கரையில் இது பெரும் பயனாகும். சாய்வான கூரை மழைநீரை விரைவில் வடிக்கிறது; ஓடுகளின் இடைவெளி வழியே வெப்பக்காற்றும் அடுப்புப்புகையும் வெளியேறுகின்றன.

அதே மங்களூரில் அதே மிஷனின் அச்சகத்திலிருந்து குண்டர்ட்டின் மலையாள அகராதி 1872இலும், மென்னரின் துளு அகராதி 1886இலும், கிட்டலின் கன்னட அகராதி 1894இலும் வெளிவந்தன. கூரை மாறிக்கொண்டிருந்த காலத்திலேயே கூரைச்சொற்களும் அகராதிகளில் தொகுக்கப்பட்டன என்பது கருதத்தக்கது.

3. சொற்களின் இடப்பெயர்ச்சி

புதிய பொருளுக்கு மொழிகள் பெரும்பாலும் பழைய சொல்லையே நீட்டித்தன. ‘ஓடு’ என்பது தமிழில் உடைந்த மட்கலத் துண்டையும் ஆமை, நத்தை முதலியவற்றின் மேற்புறத்தையும் குறிப்பது. கூரை ஓடு அப்பொருள்களுடன் சேர்ந்துகொண்டது. கன்னடத்தில் கூரை ஓட்டைக் குறிக்கும் ‘ஹெஞ்சு’ ரொட்டி சுடும் மண்சட்டியையும் குறிக்கும். மலையாளத்தில் ‘ஓடு’ வெண்கல வகை உலோகமுமாகும். எனவே ‘ஓட்டுபாத்ரம்’ உலோகக்கலம். ‘ஓட்டுகம்பனி’ ஓட்டுத் தொழிற்சாலை. தமிழில் மங்களூர் ஓட்டுக்குச் ‘சீமை ஓடு’ என்ற பெயரும் உண்டு. இந்திய மண்ணில் சுட்ட பொருள் அதன் வடிவ மூலத்தால் சீமைப்பொருளாயிற்று.

பெயர்ச்சொல் மாறியபோதும் வினை மாறவில்லை. மலையாளத்தில் ‘ஓல மேஞ்ஞ வீடு’ என்பது போலவே ‘ஓடு மேஞ்ஞ வீடு’ என்பதும் வழங்குகிறது. இருபதாம் நூற்றாண்டில் கான்கிரீட் பரவியபோதுதான் புதிய வினை நுழைந்தது. கான்கிரீட் கூரையிட்ட வீடு ‘வார்க்க வீடு’ எனப்பட்டது. ‘வார்த்தல்’ ஊற்றுதலைக் குறிப்பது. ஒருமுறை செய்தால் முடிந்தது என்னும் நம்பிக்கை அதில் தொனிக்கிறது.

தட்பவெப்பம் அந்நம்பிக்கையை முழுமையாக ஏற்கவில்லை. ஈரமும் உப்பும் கான்கிரீட்டினுள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துரு இரும்பைவிட மிகுதியான இடங்கொள்வதால் தளம் வெடித்துப் பெயர்கிறது. தட்டைத்தளத்தில் நீர் தேங்கிக் கசிகிறது; பகலில் ஏற்ற வெப்பம் இரவில் அறைக்குள் இறங்குகிறது. இதனால் கேரளத்தில் பல வீடுகளின் தளத்துக்கு மேல் ஓட்டாலோ உலோகத் தகட்டாலோ சாய்கூரை அமைக்கப்படுகிறது. அத்தகட்டுக்கூரையும் ‘ஷீற்று மேஞ்ஞது’ எனப்படுகிறது. பழைய வினை மீண்டும் மேலேறிவிட்டது.

4. மொழிபெயர்ப்புச் சிக்கல்

இவ்வரலாறு மொழிபெயர்ப்பாளர்க்கு நடைமுறைப் பயனுடையது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கூரைப்பொருளைப் பதிவு செய்கையில் கையால் செய்த ஓட்டையும் இயந்திர ஓட்டையும் வேறுபடுத்தியது. இரண்டையும் ‘ஓடு’ என ஒன்றாக்கினால் இருவேறு வாழ்நிலைகள் ஒன்றாகிவிடும். அரசின் வீட்டுத் திட்டங்களில் பயிலும் ‘பக்கா’ என்னும் சொல் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. சமைந்தது, பழுத்தது எனப் பொருள்படும் வடமொழிப் ‘பக்வ’ என்பதிலிருந்து வந்த அச்சொல்லைக் ‘கான்கிரீட் வீடு’ என மொழிபெயர்ப்பது உண்டு. அப்போது சூளையில் சுடப்பட்ட ஓடே அவ்வகைமையிலிருந்து விலக்கப்படுகிறது. தகுதிப் பட்டியலைப் படிக்கும் ஓட்டுவீட்டார் தம் வீடு எவ்வகையில் அடங்கும் என அறிய இயலாது. ‘நிலையான வீடு’ என்னும் தொடரும் கடற்கரையில் எக்கூரைக்கும் முழுமையாகப் பொருந்துவதன்று.

ஆகவே கூரை பற்றிய பகுதியை மொழிபெயர்ப்போர் பொருள் யாது, அது வேயப்பட்டதா வார்க்கப்பட்டதா, எத்துணைக் காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது என்னும் மூன்றையும் தெளிந்து சொல்லைத் தேர்வது நன்று. மூல ஆவணம் இவற்றைக் கூறாதவிடத்து, அவ்வட்டாரத்தின் மழையும் காற்றும் விடையை உய்த்துணர உதவும்.