புகழும் பழியும் எழுதாத கல்

மையித்தை அடக்கிய இடம் மறந்துபோகாதிருக்க நாம் மீஸான் கல் நடுகிறோம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்துக் கெட்டிஸ்பர்க் என்னும் சிற்றூரைச் சுற்றியுள்ள வயல்வெளிகளிலும் நூற்றுக்கணக்கான கற்கள் நிற்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தனி மனிதருக்கு நட்டவை அல்ல, படைப்பிரிவுகளுக்கு நட்டவை. அவற்றுள் ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை.

1861 முதல் 1865 வரை அமெரிக்கர் தமக்குள்ளேயே பொருதினர். அடிமை முறையைக் காத்துக்கொள்ள விழைந்த தென் மாநிலங்கள் பதினொன்று தனி நாடாகப் பிரிந்தன. பிரிவினையை ஒப்பாத வட மாநிலங்கள் படையெடுத்தன. அந்நான்காண்டுகளில் மாண்டோர் ஆறு இலட்சத்துக்கும் அதிகம். 1863 ஜூலை 1, 2, 3 ஆகிய நாள்களில் கெட்டிஸ்பர்க்கில் நடந்ததே அப்போரின் மிகக் கொடிய சமர். தென்படைக்கு ராபர்ட் லீயும் வடபடைக்கு ஜார்ஜ் மீடும் தலைமை தாங்கினர்.

1895இல் அவ்விடம் தேசிய இராணுவப் பூங்காவாயிற்று. ஒவ்வொரு பிரிகேடும் எங்கு நின்று போரிட்டது என்பதைக் குறிக்க வெண்கலப் பலகை பதித்த கருங்கற்பீடங்கள் நடப்பட்டன. நான்கைந்து ரெஜிமெண்டுகள் சேர்ந்ததே ஒரு பிரிகேடு. வடபடையின் பிரிகேடுகளுக்கு வட்டப் பீடம். தென்படையினவற்றுக்குச் சதுரப் பீடம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பீடத்தைப் பார்த்தே இன்னார் பக்கம் என்று சொல்லிவிடலாம்! வாசகத்துக்கு ஒரு விதி இருந்தது: புகழும் கூடாது, பழியும் கூடாது, நடந்ததை மட்டும் சுருங்க எழுத வேண்டும். தென்படைப் பிரிவுகளுக்குரிய வாசகங்களை ஆய்ந்து எழுதும் பணி, அதே களத்தில் அலபாமா ரெஜிமெண்டு ஒன்றின் அதிகாரியாகப் போரிட்ட வில்லியம் ராபின்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. வென்றவர்கள் தோற்றவரையே அழைத்து எழுதச் சொன்னது பெருந்தன்மை என்றே பலரும் கருதினர். அது பெருந்தன்மைதானா என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

சதுரப் பீடங்களுள் ஒன்று ஐவர்சன் பிரிகேடுக்கு உரியது. வட கரோலைனாவின் 5, 12, 20, 23ஆம் காலாட்படை ரெஜிமெண்டுகள் அதில் அடங்கியிருந்தன. ஏறத்தாழ 1,400 பேர். அவர்களுக்குத் தலைவராக வாய்த்தவரோ ஜார்ஜியாக்காரர். செனட்டராக இருந்த ஒருவரின் மைந்தர், ஆல்பிரட் ஐவர்சன். தலைவருக்கும் படைக்கும் முன்பே ஒத்துப்போகவில்லை.

ஜூலை 1 பிற்பகல். ஓக் குன்றிலிருந்து இறங்கித் திறந்த வயல் வழியே அவர்கள் முன்னேறினர். எதிரி எங்கிருக்கிறான் என்று அறிய வேவுக்கோடு ஒன்றை முன்னே அனுப்புவது அக்காலப் போர்முறையின் பாலபாடம். அது செய்யப்படவில்லை. பக்கத்துணையாகச் சென்றிருக்க வேண்டிய மற்றொரு பிரிகேடு முன்னரே முறியடிக்கப்பட்டுவிட்டமையால் இடப்புறம் காப்பின்றிக் கிடந்தது. ஐவர்சன் உடன் செல்லவில்லை, பின்னே தங்கிவிட்டார். முன்னிருந்த கற்சுவரின் மறைவில் பாக்ஸ்டர் என்பாரின் வடபடைப் பிரிகேடு மூச்சடக்கிப் படுத்திருந்தது. வந்தவர்கள் நூறு கஜத்துக்குள் நெருங்கியதும் அது எழுந்து சுட்டது.

நின்ற வரிசையிலேயே வரிசையாக வீழ்ந்தனர். எஞ்சியோர் சிறு பள்ளம் ஒன்றில் ஒடுங்கினர். முன்னும் போக முடியவில்லை, பின்னும் போக முடியவில்லை. சிலர் வெண்கைக்குட்டைகளை உயர்த்தினர். தொலைவிலிருந்து பார்த்த ஐவர்சனோ, தம் ரெஜிமெண்டு ஒன்று சரணடைந்துவிட்டது என்று மேலிடத்துக்குச் சொல்லியனுப்பினார். பின்னர்த்தான் உண்மை தெரிந்தது. அணிவகுப்பில் நிற்பது போன்ற நேர்கோட்டில் ஐந்நூறு பேர் இறந்தும் காயமுற்றும் கிடந்ததைத் தம் அறிக்கையில் அவரே எழுதினார். ஓரத்தில் ஒரு மேட்டின் மறைவிலிருந்த 12ஆம் ரெஜிமெண்டு மட்டுமே பெரும்பாலும் தப்பியது.

மாண்டவர்களை வீழ்ந்த இடத்திலேயே ஆழமில்லாக் குழிகளில் புதைத்தனர். அக்குழிகளுக்கும் 'ஐவர்சன் குழிகள்' என்றே பெயர் நிலைத்தது. புதையுண்டவர் பெயரால் அன்று, புதைகுழிக்கு அனுப்பியவர் பெயரால்! அவ்வாண்டு நவம்பர் 19இல் லிங்கன் புகழ்பெற்ற உரையாற்றிய படைவீரர் கல்லறைத் தோட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. அது வடபடையினருக்கே உரியது. 1871 முதல் 1873 வரை, தென்னகப் பெண்கள் சங்கங்களின் வேண்டுகோளின்படி, ரூபஸ் வீவர் என்னும் மருத்துவர் தென்படையினரின் எலும்புகளைத் தோண்டியெடுத்துப் பெட்டிகளில் அனுப்பினார். மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எச்சங்களில் பெரும்பகுதி ரிச்மண்ட் நகரின் ஹாலிவுட் கல்லறைத் தோட்டம் சேர்ந்தது.

ஐவர்சனை லீ அப்படையிலிருந்து விலக்கினார். ஜார்ஜியா திரும்பிய அவர், 1864இல் அங்கே ஸ்டோன்மன் என்ற வடபடைத் தளபதியைச் சிறைபிடித்துப் பெயரும் பெற்றார். 1911 வரை வாழ்ந்தார். வெண்கலப் பலகையில் இவற்றுள் எதுவும் இல்லை. மூன்று ரெஜிமெண்டுகள் அநேகமாக அழிந்த செய்தி உண்டு. தலைவர் உடன் செல்லாத செய்தி இல்லை. பழி எழுதாத விதி அவரைக் காத்தது.

அவ்விதி இன்னொன்றையும் காத்தது. எதற்காக இவர்கள் இவ்வளவு தூரம் நடந்து வந்து மடிந்தார்கள் என்ற வினாவை அப்பலகை எழுப்புவதே இல்லை. இரு தரப்பும் வீரமாகப் போரிட்டன என்ற சமாதானத்தில் வென்றவரும் தோற்றவரும் கைகுலுக்கினர்; எவருடைய விலங்கு குறித்துப் போர் மூண்டதோ அவர்கள் அக்கைகுலுக்கலில் இல்லை. பெருந்தன்மை என்ற சொல்லை எழுத என் பேனா தயங்குவது இதனால்தான். எனினும் 2021இல் ரிச்மண்டிலிருந்து அகற்றப்பட்ட லீயின் குதிரைச் சிலையையும் இப்பலகையையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். சிலை வணங்கச் சொன்னது. பலகை எண்ணிக் காட்டுகிறது.

அந்த வட கரோலைனாவிலேயே அப்போது ஒரு முதியவர் அடிமையாக வாழ்ந்துகொண்டிருந்தார். மேற்கு ஆப்பிரிக்காவின் பூத்தா தோரோவில் பிறந்து மார்க்கக் கல்வி கற்று, 1807இல் கப்பலேற்றி விற்கப்பட்ட உமர் இப்னு சயீத். 1831இல் அவர் தம் வாழ்க்கை வரலாற்றை அரபியில் எழுதினார். அதன் தொடக்கத்தில் அவர் வைத்தது சூரத்துல் முல்க். ஆட்சி முழுவதும் இறைவன் கையில் என்று தொடங்கும் அத்தியாயம். விலைக்கு வாங்கப்பட்ட ஒருவர் அதைத் தேர்ந்தெடுத்தார் என்பதைப் படிக்கும்போது நெஞ்சு ஒரு கணம் நின்றுவிடுகிறது. போர் முடியுமுன்னரே, விடுதலை காணாமலே அவர் மறைந்தார்.

அம்மாநிலத்துப் பேயட்வில் நகரில் அவர் பெயர் தாங்கிய பள்ளிவாசல் ஒன்று உண்டு. அவருக்கென மாநில அரசு 2010இல் சாலையோரம் ஒரு குறிப்புப் பலகை நட்டது. அவர் முஸ்லிம், அடிமை, அறிஞர் என்பதும், அரபியில் தம் வரலாற்றை எழுதினார் என்பதும், உள்ளூர்ப் பிரெஸ்பிட்டேரியன் கிறித்தவர்களுடன் வழிபட்டார் என்பதும் அதில் இருக்கின்றன. அதிலும் புகழில்லை, பழியில்லை. ஆனால் 'அடிமை' என்ற சொல் இருக்கிறது.